தோல்வியும் கல்லூரி வரலாறே: சுவானி அணி தரும் பாடம்

கல்லூரி மலர்களைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். விளையாட்டுத்துறை பற்றிய பக்கங்களில் வென்ற ஆண்டுகள் விரிவாகப் பேசப்படும். அணித்தலைவரின் பெயர், போட்ட கோல்கள், பெற்ற கேடயம், மறுநாள் அதிபர் அளித்த விடுமுறை ஆகிய யாவும் அங்கே இடம்பெறும். தோற்ற ஆண்டுகளோ ஒரு வரியில் அடங்கிவிடும். பல வேளைகளில் அவ்வொரு வரியும் கிடையாது. மண்டபச் சுவரிலே தொங்கும் படங்களுள் தோற்ற அணியின் படம் ஒன்றைக் காண்பது அரிது. ஆயினும் அவ்வாண்டுகளிலும் மாணவர் மாலைதோறும் மைதானத்திற்கு வந்தனர், பயின்றனர், ஆடினர், தோற்றனர், மறு வாரமும் வந்தனர். அவர்களுடைய உழைப்பு கல்லூரி வரலாற்றிலே சேருமா, சேராதா?

இவ்வினாவை நம் கல்லூரியை முன்வைத்து ஆராயப் புகுந்தால் பற்று வந்து கண்ணை மறைத்தல் கூடும். ஆகவே, நமக்கு உறவும் பகையும் இல்லாத ஒரு சிறு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அது கடல்கடந்து வெகு தொலைவில் உள்ளது. ஒரு காலத்தில் எவராலும் வெல்லப்படாத அணியைப் பெற்றிருந்தது. பின்பு எட்டு ஆண்டுகள் தொடர்ந்து தான் சேர்ந்த சங்கத்தின் எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. அவ்விரு காலங்களையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது, விளையாட்டைப் பற்றி மட்டுமன்றி, கல்லூரி என்பது யாது என்பதைப் பற்றியும் சில உண்மைகள் தெளிவாகின்றன.

சுவானியும் அதன் ஆட்டமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள டென்னசி மாநிலத்தில், கம்பர்லாந்து மேட்டுநிலத்தின்மீது, சுவானி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே எப்பிஸ்கோப்பல் திருச்சபையினர் 1857ஆம் ஆண்டிலே 'தென்னாட்டுப் பல்கலைக்கழகம்' என்னும் பெயரில் ஒரு கல்வி நிலையத்தைத் தாபித்தனர். அதனைத் தாபித்தோர் அடிமைமுறை நிலவிய தென்னாட்டுச் சமூகத்தின் தலைவர்கள். உள்நாட்டுப் போர் அவர்களுடைய பெருந்திட்டங்களைச் சிதைத்துவிட்டது. போர் முடிந்தபின், 1868இலே, 9 மாணவருடனும் 4 ஆசிரியருடனும் வகுப்புகள் தொடங்கின. பெயரளவிற் பல்கலைக்கழகம் எனினும், நாம் பேசும் காலத்தில் அது சில நூறு மாணவர் பயிலும் கல்லூரியாகவே இருந்தது. ஊரின் பெயராலேயே அதனை யாவரும் சுவானி என்று வழங்குவர்.

அங்கே ஆடப்படும் உதைபந்தாட்டம் நாம் ஆடுவதன்று. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் றக்பியிலிருந்து கிளைத்தது. பந்து நீள்வட்ட வடிவினது. கையிலே ஏந்தி ஓடுவதே பெரும்பான்மை. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் குறித்த முயற்சிகளுக்குள் குறித்த தூரம் முன்னேறல் வேண்டும். இன்றேல் பந்து எதிர்ப்பக்கத்தாரைச் சேரும். 1912 முதல் நான்கு முயற்சிகளில் 10 யார் என்பது விதி. பந்தோடு எதிர்ப்பக்கத்து எல்லைக் கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள் கிடைக்கும். 1899இலே 5 புள்ளிகள் கிடைத்தன. உடலோடு உடல் மோதும் ஆட்டமாதலின் ஆளெண்ணிக்கையும் உடல்வலிமையும் இங்கே பெரிதும் வேண்டப்படும். இதனை வாசகர் மனத்திருத்திக் கொள்ளுதல் வேண்டும். சுவானி தோற்றமைக்கான காரணத்தின் பாதி இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

1899: ஆறு நாட்களில் ஐந்து வெற்றிகள்

முதலில் அக்கல்லூரியின் பொற்காலத்தைப் பார்ப்போம். 1899ஆம் ஆண்டிலே சுவானி 12 ஆட்டங்கள் ஆடியது, பன்னிரண்டிலும் வென்றது. அவ்வாண்டு முழுவதிலும் அது பெற்ற புள்ளிகள் 322. அதற்கெதிராகப் பிறர் பெற்றவை 10 மட்டுமே.

அவ்வாண்டின் சிறப்பு நிகழ்ச்சி நவம்பர் மாதத்தில் மேற்கொண்ட புகையிரதப் பயணமாகும். பக்கத்து நகராகிய நாஷ்வில்லிலிருந்த வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்துடன் வருமானப் பங்கீடு பற்றிய பிணக்கொன்று எழுந்தமையால், வழக்கமாக ஆடும் அவ்வாட்டம் நின்றுபோயிற்று. அதனால் ஏற்பட்ட பண இழப்பை ஈடுசெய்ய அணியின் முகாமையாளராயிருந்த லூக் லீ என்னும் மாணவர் ஏறக்குறைய 2,500 மைல் கொண்ட சுற்றுப்பயணம் ஒன்றை ஒழுங்குசெய்தார். இவரே பிற்காலத்தில் அந்நாட்டு மூதவை உறுப்பினரானவர்.

நவம்பர் 9ஆந் திகதி ஒஸ்ரின் நகரிலே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12-0 என வென்றனர். மறுநாள் ஹூஸ்ரனிலே டெக்சாஸ் வேளாண்மைக் கல்லூரியை 10-0 என வென்றனர். 11ஆந் திகதி நியூ ஓர்லியன்சிலே டுலேனை 23-0 என வென்றனர். 12ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, அன்று ஓய்வு. 13ஆந் திகதி பற்றன் றூஜிலே லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0 எனவும், 14ஆந் திகதி மெம்பிசிலே மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தை 12-0 எனவும் வென்றனர். ஆறு நாட்களில் ஐந்து ஆட்டங்கள், ஐந்து வெற்றிகள், எதிரிகள் பெற்ற புள்ளி ஒன்றுமில்லை. பகலில் ஆடி, இரவிலே புகையிரதத்தில் உறங்கி, விடிந்ததும் வேற்றூரில் இறங்கிய அவ்விளைஞர்களின் மனவுறுதியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாண்டில் சுவானிக்கெதிராகப் புள்ளி பெற்ற ஒரே அணி ஓபர்ன். அவ்வாட்டமும் 11-10 எனச் சுவானிக்கே வெற்றியாக முடிந்தது.

இத்தகைய ஆண்டு ஒரு கல்லூரிக்கு வாய்ப்பது பெரும்பேறு. ஆனால் பெரும்பேறு ஒவ்வொன்றும் ஒரு கடனையும் விட்டுச்செல்லும். பின்வரும் தலைமுறை மாணவரின் தோள்மீது அக்கடன் ஏற்றப்படுகிறது. 'உங்கள் அண்ணன்மார் ஆறு நாட்களில் ஐந்து பேரை வென்றார்களே, நீங்கள் ஒருவரையாவது வெல்லக்கூடாதா?' என்னும் கேள்வி எந்த மைதானத்து ஓரத்திலும் கேட்கக்கூடியதுதான். கேட்போர் அன்பினாலே கேட்கின்றனர். கேட்கப்படுவோரோ அதனைச் சுமையாக உணர்கின்றனர்.

பெரியோர் அவையிற் சிறியோன்

1932ஆம் ஆண்டு டிசம்பரிலே தென்பகுதியிலுள்ள 13 கல்வி நிலையங்கள் ஒன்றுகூடித் தென்கிழக்கு விளையாட்டுச் சங்கம் என்பதை அமைத்தன. அலபாமா, ஓபர்ன், புளோரிடா, ஜோர்ஜியா, ஜோர்ஜியாத் தொழினுட்பக் கல்லூரி, கென்ரக்கி, லூசியானா, மிசிசிப்பி, மிசிசிப்பி மாநிலக் கல்லூரி, டென்னசி, டுலேன், வாண்டர்பில்ற் ஆகிய பன்னிரண்டோடு சுவானியும் பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. பழைய புகழை நோக்குமிடத்து இச்சேர்க்கை இயல்பானதே. மேற்கூறியவற்றுட் பலவற்றை முன்னர் வென்றிருந்த அணி, அவற்றோடு ஒரே வரிசையில் அமர்வதிலே என்ன வியப்பு?

ஆனால் 1899க்கும் 1932க்கும் இடையே உலகம் மாறிவிட்டது. மாநில அரசுகளின் பொருளுதவியால் மற்றைப் பல்கலைக்கழகங்கள் பல்லாயிரம் மாணவரைக் கொண்டனவாக வளர்ந்தன. பெரிய அரங்குகள் எழுந்தன. ஆட்டங்காண வரும் மக்களின் தொகையும் அவர்கள் செலுத்தும் கட்டணமும் பெருகின. சுவானியோ மலைமீது சில நூறு மாணவருடன் இருந்தவாறே இருந்தது. அது தேய்ந்துவிடவில்லை, சூழ இருந்தவை வளர்ந்துவிட்டன.

சங்கத்தார் எத்தகைய அணிகளைக் கொண்டிருந்தனர் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 1935ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி கலிபோர்னியாவில் நடந்த புகழ்பெற்ற றோஸ் போல் ஆட்டத்தில் அலபாமா அணி ஸ்ரான்போர்ட் அணியை 29-13 என வென்றது. 1939ஆம் ஆண்டிலே டென்னசி அணி தன் வழக்கமான பருவத்தில் ஆடிய 10 ஆட்டங்களிலும் எதிரிகளுக்கு ஒரு புள்ளியேனும் கொடாது, தான் 212 புள்ளிகள் பெற்றது. அந்த 212இல் 40 புள்ளிகள் சுவானிக்கெதிராகப் பெறப்பட்டவை.

எட்டு ஆண்டுகள், முப்பத்தேழு தோல்விகள்

1933 முதல் 1940 வரை எட்டுப் பருவங்கள் சுவானி அச்சங்கத்திலே ஆடியது. சங்க உறுப்பினருடன் அது ஆடிய ஆட்டங்கள் 37. முப்பத்தேழிலும் தோற்றது. அவற்றுள் 26 ஆட்டங்களில் அதற்கு ஒரு புள்ளியும் கிட்டவில்லை. மொத்தத்தில் அது பெற்ற புள்ளிகள் 84. எதிரிகள் பெற்றவை 1,163. சராசரியாக ஓர் ஆட்டத்திலே எதிரி 31 புள்ளிகள் பெற, சுவானி 2 புள்ளிகள் பெற்றது எனலாம். சங்கத்திற்குப் புறம்பான சிறு கல்லூரிகளுடன் ஆடிய ஆட்டங்களிற் சில வெற்றிகள் கிட்டின. அவையே அம்மாணவருக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

1899இன் கணக்கு 322க்கு 10. முப்பதுகளின் கணக்கு 84க்கு 1,163. இவ்விரு கணக்குகளையும் ஒரே கல்லூரியின் பெயரின்கீழ் எழுதும்போது, முதலாவதை ஆடியோர் வீரர், இரண்டாவதை ஆடியோர் கோழைகள் என்று ஒருவர் முடிவுகட்டக்கூடும். அம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதைச் சற்று ஆராய்ந்தால் அறியலாம்.

தோல்வியின் காரணங்கள்

முதலாவது காரணம் ஆளெண்ணிக்கை. பல்லாயிரவர் நடுவிலிருந்து பதினொருவரைத் தெரிந்தெடுப்பதும், சில நூற்றுவர் நடுவிலிருந்து பதினொருவரைத் தெரிந்தெடுப்பதும் ஒன்றாகா. பெரிய கல்லூரியிலே ஓரிடத்திற்குப் பலர் போட்டியிடுவர். சிறிய கல்லூரியிலோ, வருகின்றவனை வரவேற்று உடை கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஆட்டத்தின் விதி. 1941ஆம் ஆண்டு வரை ஆட்டக்காரரை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. வெளியேறிய ஒருவன் நினைத்தவுடன் மீண்டும் உட்புகுதல் இயலாது. ஆகவே ஒரே பதினொருவரே தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். வலிமை மிக்க மாற்றாட்டக்காரர் பலரை வைத்திருந்த பெரிய அணி, முதல் வரிசையினர் களைத்தபோது இரண்டாம் வரிசையை முழுவதாகவே இறக்கிவிடும். சிறிய அணியின் மாணவரோ முதற் காற்பாகத்தில் மோதிய உடலோடேயே நான்காங் காற்பாகத்திலும் மோதுவர். பல ஆட்டங்களில் முதற்பாதி முழுதும் தாக்குப்பிடித்த அணி பிற்பாதியிலே சரிந்துவிடுவதன் இரகசியம் இதுவே. அங்கே மனம் சோர்வதற்கு முன்னர் கால்கள் சோர்ந்துவிடுகின்றன.

மூன்றாவது காரணம் பணம். 1935ஆம் ஆண்டு இறுதியிலே தென்கிழக்குச் சங்கம் விளையாட்டுத் திறமையை முன்னிட்டு மாணவருக்கு வெளிப்படையாகப் பொருளுதவி வழங்க அனுமதித்தது. மறைவிலே நடந்ததை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தமை ஒருவகையில் நேர்மையே. ஆயினும் அதன் விளைவாக, பொருள் மிக்கவர் ஆள் மிக்கவரும் ஆயினர். சிறிய கல்லூரி அவ்வழியிலே போட்டியிட வேண்டுமாயின் நூலகத்திற்கும் ஆய்வுகூடத்திற்கும் உரிய பணத்தை மைதானத்திற்குத் திருப்ப வேண்டியிருக்கும்.

நான்காவது காரணம் இவை எல்லாவற்றினும் நுட்பமானது. பெரிய நகரங்களுக்குச் சென்று பெரிய அணிகளுடன் ஆடினால் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு கிடைக்கும். தோல்வி நிச்சயமாயினும் வருமானமும் நிச்சயம். இத்தகைய ஏற்பாட்டில் மாணவர் அடிபட, கல்லூரிக்குக் காசு வரும். 1899இலும் பயணம் பணத்தின் பொருட்டே ஒழுங்கு செய்யப்பட்டது என்பதை முன்னர்க் கண்டோம். அன்று வெற்றி அந்நோக்கத்தை மறைத்துவிட்டது. முப்பதுகளிலே இத்தகைய ஏற்பாடுகளை மூடிமறைக்க வெற்றி இருக்கவில்லை.

இக்காரணங்களுள் எதுவும் ஆடிய மாணவரின் குற்றமன்று என்பதை வாசகர் காண்பர். யாரோடு ஆடுவது, எத்தனை முறை ஆடுவது, எதன் பொருட்டு ஆடுவது என்பவற்றை முடிவுசெய்தோர் பெரியோர். மாணவர் செய்தது ஒன்றே: குறித்த நாளிலே, குறித்த மைதானத்திலே, வெல்ல முடியாது என்று பெரும்பாலும் தெரிந்திருந்தும், இறங்கி ஆடினர். ஏழாவது தோல்விக்குப் பின் எட்டாவது ஆட்டத்திற்கு வந்தவனும், முப்பதாவது தோல்விக்குப் பின் முப்பத்தோராவது ஆட்டத்திற்கு வந்தவனும் எந்த வீரனுக்குங் குறைந்தவரல்லர்.

ஒரு பேரழிவுப் பருவமும் ஒரு முடிவும்

அதே காலத்திலே வடக்கே சிக்காகோப் பல்கலைக்கழகத்திலும் இவ்வினா எழுந்தது. அது சிறிய நிலையமன்று. பொருளும் புகழும் மிக்கது. அமொஸ் அலொன்சோ ஸ்ராக் என்னும் பெயர்பெற்ற பயிற்றுநரின்கீழ் 1892 முதல் 1932 வரை அதன் அணி பல முறை முதன்மை பெற்றது. ஆயினும் கல்வித்தரத்தை உயர்த்தி விளையாட்டுக்குச் சலுகை கொடாத கொள்கையால் அணி மெலிந்தது. 1939ஆம் ஆண்டிலே மிச்சிகன் அணியிடம் 85-0 எனவும், ஒகாயோ மாநில அணியிடம் 61-0 எனவும், ஹார்வர்ட் அணியிடமும் 61-0 எனவும், இலினோய் அணியிடம் 46-0 எனவும் அது தோற்றது. அவ்வாண்டு டிசம்பரிலே, தலைவர் றொபேர்ட் ஹச்சின்சின் கருத்துக்கிணங்க, அப்பல்கலைக்கழகம் கல்லூரிகளுக்கிடையிலான உதைபந்தாட்டத்தை முற்றாக நிறுத்திவிட்டது. வெறிதாய்க் கிடந்த அவ்வரங்கின் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான் 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் திகதி மனிதன் இயற்றிய முதல் அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்தது. உதைபந்தாட்டம் அங்கே முறையாகத் திரும்பியது 1969இலேயே.

சிக்காகோ ஆட்டத்தையே விட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 1940 டிசம்பரிலே, சுவானி வேறொரு முடிவுக்கு வந்தது. அப்போது உபவேந்தராய் இருந்தவர் அலெக்சாந்தர் கெரி. அக்கல்லூரியிலே வேந்தர் பதவி ஓர் ஆயருக்குரியது. ஆட்சிப் பொறுப்பு உபவேந்தருடையது. கெரி தாமும் சுவானியின் பழைய மாணவர். 1938இலே அப்பதவியை ஏற்றவர். அவர் காலத்திலே சுவானி தென்கிழக்குச் சங்கத்தை விட்டு விலகியது. விளையாட்டுத் திறமைக்காகப் பணவுதவி வழங்கும் வழியையும் கைவிட்டது. ஆனால் ஆட்டத்தை விடவில்லை. போர்க்கால இடைவெளிக்குப் பின்னர், தன் அளவினவான கல்லூரிகளோடு, படிக்க வந்த மாணவரையே கொண்டு ஆடுவது என்பதே அது தெரிந்துகொண்ட வழி.

இம்முடிவைக் கோழைமை என்று கூறுவோர் இருக்கலாம். வலியாரோடு மோதித்தான் வலிமை பெறலாம் என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. தன்னினும் சற்று வலியானோடு ஆடுபவன் வளர்வான்; இடையிடையே தோற்பவன் தன் குறையை அறிவான். ஆனால் முயற்சிக்கும் பயனுக்கும் தொடர்பு அறவே அற்றுப்போன ஆட்டத்தில் கற்பதற்கு ஒன்றுமில்லை. எவ்வளவு பயின்றாலும் முப்பது புள்ளி வித்தியாசம் மாறாது என்ற நிலையில், மாணவன் கற்பது பொறுமையன்று. பயிற்சியாற் பயனில்லை என்னும் நச்சுக் கருத்தையே அவன் கற்பான். திருக்குறளிலே வலியறிதல் என்றோர் அதிகாரம் பொருட்பாலில் அமைந்திருப்பதை நாமறிவோம். தன் ஆற்றலையும் எதிரியின் ஆற்றலையும் எடைபோட்டு வினையில் இறங்க வேண்டும் என்பது அதன் கருத்து. எடைபோடுதல் அஞ்சுதலாகாது.

பின்னர் நிகழ்ந்தவை

1957ஆம் ஆண்டிலே ஷேர்லி மேஜர்ஸ் என்பவர் சுவானியின் பயிற்றுநரானார். 1977 வரை அப்பணியில் இருந்தார். 1958ஆம் ஆண்டிலே அவருடைய அணி ஆடிய 8 ஆட்டங்களிலும் வென்றது. 1962இலே சுவானி, சென்ரர், மெம்பிசிலிருந்த சௌத்வெஸ்ரேண், வாஷிங்ரன்-லீ ஆகிய நான்கு கல்லூரிகளும் சேர்ந்து, விளையாட்டுக்குப் பணவுதவி வழங்காத கல்லூரிகளின் சங்கம் ஒன்றை அமைத்தன. 1963இலே சுவானி மீண்டும் எட்டு ஆட்டங்களிலும் வென்றது. பெரிய சங்கத்திலே எட்டு ஆண்டுகளில் ஒரு வெற்றியும் காணாத கல்லூரி, ஒத்தாரோடு ஆடியபோது ஒரே ஆண்டில் எட்டு வெற்றி கண்டது.

இவ்வெற்றிகளாலேதான் கெரியின் முடிவு சரியென்று நிலைநாட்டப்பட்டது என நாம் கூறவில்லை. அவ்வெற்றிகள் வராதிருந்தாலும் அம்முடிவு சரியே. ஒத்தாரோடு ஆடித் தோற்பவன், அடுத்த ஆண்டு வெல்லலாம் என்ற நம்பிக்கையோடு வீடு திரும்புவான். அந்த நம்பிக்கையை மாணவனுக்கு மீட்டுக் கொடுத்ததே அம்முடிவின் பெருமை.

தென்கிழக்குச் சங்கத்தின் பின்வரலாறும் நோக்கத்தக்கது. 1964இலே ஜோர்ஜியாத் தொழினுட்பக் கல்லூரியும் 1966இலே டுலேனும் அதனை விட்டு நீங்கின. மற்றையோர் மேன்மேலும் பெருகினர், புதியோரும் சேர்ந்தனர். 2024இலே டெக்சாசும் ஒக்லகோமாவும் சேர்ந்தபோது உறுப்பினர் தொகை 16 ஆயிற்று. 1899ஆம் ஆண்டு நவம்பரில் சுவானி ஆறு நாட்களில் வென்ற ஐவருள் நால்வர் அந்தப் பதினாறினுள் உள்ளனர். ஐந்தாவதாகிய டுலேனும் முன்னாள் உறுப்பினரே. அவர்களின் அரங்குகளிற் பல எண்பதினாயிரவருக்கு மேற்பட்டோரைக் கொள்வன. சுவானியோ பணவுதவியற்ற மூன்றாம் பிரிவிலே தன் மேட்டுநிலத்தில் ஆடிவருகிறது. அது 1892இலே தொடங்கிய இலக்கியக் காலாண்டிதழ் அந்நாட்டின் பழமை மிக்க இதழ்களுள் ஒன்றாக இன்றும் வெளிவருகிறது. கல்லூரியொன்றுக்குப் பெயர் நிலைப்பதற்கு வழிகள் பல உள.

நாம் பெறும் பாடம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். சுவானியின் வரலாற்றிலிருந்து மூன்று பாடங்களை நாம் பெறலாம். ஒன்று மாணவருக்கு, ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று பழைய மாணவருக்கு.

மாணவருக்கு: தோல்விக்குக் காரணம் கேட்கத் தயங்காதீர்கள். சோம்பலாலே தோற்றீர்களாயின் அதனை ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் முயற்சிக்கு அப்பாற்பட்ட காரணத்தாலே தோற்றீர்களாயின் நாணித் தலைகுனிய வேண்டியதில்லை. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவதே விளையாட்டு தரும் உயர்ந்த கல்வி. புள்ளிப்பலகை இவ்வேறுபாட்டைக் காட்டாது. உங்கள் மனச்சான்றே காட்டும்.

ஆசிரியருக்கும் அதிபருக்கும்: ஆட்ட அட்டவணை வரைவது எழுதுவினைஞர் வேலையன்று, அது கல்விப்பணி. எவரோடு மாணவரை மோதவிடுகிறோம் என்பதிலே, மாணவரை எதற்காக மைதானத்திற்கு அனுப்புகிறோம் என்பது வெளிப்படும். கெரி செய்தது போல, பொருந்தாத ஏற்பாட்டை மாற்றத் துணிதல் அவர் கடமை. அத்துணிவு வெற்றிக் கேடயம் போல மண்டபத்தில் வைக்கத்தக்கதன்று. எனினும் கேடயத்தினும் நெடிது நிற்கும்.

பழைய மாணவராகிய நமக்கு: நம்முடைய காலத்துப் புகழை இன்றைய மாணவரின் தோளில் ஏற்றாதிருப்போமாக. நாம் மைதானத்து ஓரத்திலே நின்று எழுப்பும் கூச்சலிற் பாதி நம் இளமையைத் தேடும் கூச்சல். அதனைத் தேடித்தருவது பதினேழு வயதுச் சிறுவனின் கடமையன்று. 1899இன் வீரர்களைச் சுவானி கொண்டாடுவது தகும். ஆனால் அவர்களின் நிழலிலே நின்று எட்டு ஆண்டுகள் தோற்றவர்களையும் அது தன் பிள்ளைகளாகவே கணக்கிடல் வேண்டும்.

இதனின்றும் செய்தற்கெளிதான ஒரு செயல் பிறக்கிறது. நிறைவு விழாக்கள் வரும்போது கல்லூரிகள் தம் அணிகளின் வரிசையைத் தொகுப்பது வழக்கம். அவ்வரிசையிலே ஆண்டுகள் விடுபடாதிருக்கட்டும். வென்ற ஆண்டின் பதினொருவர் பெயருக்குக் கீழே, தோற்ற ஆண்டின் பதினொருவர் பெயரும் அதே எழுத்திலே அச்சாகட்டும். பழைய குறிப்பேடுகளிலும் பழைய மாணவரின் பெட்டிகளிலும் மங்கிக் கிடக்கும் படங்களைத் தேடி எடுப்போம். அவற்றிலே நிற்போரிற் சிலர் இன்றும் நம் நடுவே பாட்டன்மாராக உள்ளனர். ஒரு மாலைப்பொழுதிலே அவர்களிடம் சென்று, 'ஐயா, நீங்கள் ஆடிய அந்த ஆண்டைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். வென்றவர் சொல்லும் கதை சில நிமிடங்களில் முடிந்துவிடும். தோற்றவர் சொல்லும் கதையோ இருட்டிய பின்னும் முடியாது.

கல்லூரியின் வரலாறு வென்ற நாட்களின் தொகுப்பன்று. மாலை மணி ஒலித்தபின் மைதானத்திற்கு வந்தவர் அனைவரும் சேர்ந்து எழுதியது அது. அவ்வேட்டிலே ஒரு பக்கத்தையும் கிழித்தெறியாது பின்னவர்க்குக் கையளிப்பதே, இக்கல்லூரியிற் பயின்றோம் என்று சொல்லிக்கொள்ளும் நம் ஒவ்வொருவர்க்கும் உரிய கடன்.